மாறும் எழுத்தும் மாறா எழுத்தும்

எந்த முஸ்லிம் பாடசாலையின் சேர்வு இடாப்பைப் புரட்டினாலும் ஒரு விடயம் கண்ணில் படும். நபிகள் நாயகத்தின் (ஸல்) திருப்பெயரை எம்மவர் தமிழில் ஒரே விதமாக எழுதுவதில்லை. முஹம்மத், முஹம்மது, முகம்மது, முகமது, மொஹமட், மொகமது என்று ஒரே பக்கத்தில் ஆறு வடிவங்களைக் காணலாம். தெல்தோட்டை போப்பிட்டியில் 1866இல் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவரின் பெயரையே காதிர் என்றும் காதிறு என்றும் காதர் என்றும் எழுதுகிறோம். இவையெல்லாம் ஒரே பெயர்தான் என்பதில் எமக்குச் சந்தேகம் எழுவதில்லை. சந்தேகம் அலுவலகங்களுக்குத்தான் எழும். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தும் அடையாள அட்டை விண்ணப்பத்தில் வேறோர் எழுத்துமாக இருந்துவிட்டால், பரீட்சைக்கு முன்னர் பிள்ளையின் வாப்பா சத்தியக் கடதாசி முடிக்க அலைய வேண்டியதுதான்.

நாம் எப்படி ஒரே பெயர் என்று அறிந்துகொள்கிறோம்? தரம் 11 மாணவர்களிடம் ஒருநாள் இக்கேள்வியைப் போட்டேன். புரதங்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்த வேளை அது. இருபது வகை அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு அமைவதே புரதம் என்று பாடநூல் கூறும். இருபது எழுத்துகள் கொண்ட ஒரு நெடுங்கணக்கையும், அதனால் எழுதப்பட்ட நீண்ட சொற்களையும் நினைத்துக்கொண்டால் போதும். அச்சொற்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இது இந்தக் குடும்பத்துச் சொல், இது வேறு குடும்பத்துச் சொல் என்று பிரிப்பது எவ்வாறு? இன்று உலகெங்கும் உயிரியலாளரும் கணிதவியலாளரும் சேர்ந்து செய்துவரும் பெரும் பணிகளுள் இதுவும் ஒன்று. நமது இடாப்புப் பிரச்சினையும் இதுவேதான்.

கரும்பலகையில் ஐந்து பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னேன். முஹம்மத், அஹ்மத், மஹ்மூத், ஹாமித், ஹமீத். மத்ரஸாவுக்குச் செல்லும் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஐந்துக்கும் மூலம் ஹம்து, அதாவது புகழ். ஹ, ம, த என்ற மூன்று மெய்யெழுத்துகளும் அதே வரிசையில் ஐந்திலும் இருக்கின்றன. முன்னால் மு வரலாம், அ வரலாம், ம வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். நடுவில் உயிரோசை நீளலாம், குறுகலாம். ஹவின் கீழ் ஹவும், மவின் கீழ் மவும், தவின் கீழ் தவும் வரும்படி நிரல் பிடித்து எழுதி, எழுத்து இல்லாத இடத்தில் ஒரு சிறு கோடு போட்டால் குடும்பம் தானாக வெளிப்படுகிறது. இந்த நிரல்படுத்தலே முதற்படி. இதனைச் செய்யாமல் இடமிருந்து முதலாவது எழுத்தை முதலாவது எழுத்தோடு மாத்திரம் ஒப்பிட்டால் முஹம்மதும் ஹாமிதும் அந்நியராகிவிடுவார்கள்.

அடுத்து, ஸமத் என்று ஒரு மாணவன் எழுதினான். மவும் தவும் இருக்கின்றன. காதுக்கு ஹமீதின் தம்பி போலத்தான் கேட்கிறது. ஆனால் மூலம் வேறு, பொருளும் வேறு. ஒலியொற்றுமை மாத்திரம் உறவாகாது. மாறாக, முகம்மதில் ஹ இருந்த இடத்தில் க வந்திருக்கிறது, மொஹமடில் த் இருந்த இடத்தில் ட் வந்திருக்கிறது. எழுத்து மாறியும் உறவு போகவில்லை. ஏனெனில் தமிழ் நாவில் ஹ கவாவதும் த் ட் ஆவதும் வழக்கமான மாற்றங்கள். ஆகவே எந்த எழுத்து எந்த எழுத்தாக மாறுவது சகஜம், எது அபூர்வம் என்ற கணக்கும் நமக்குத் தேவைப்படுகிறது.

புரதங்களில் இக்கணக்கை முதன்முதலில் விரிவாகப் போட்டவர் அமெரிக்காவின் மார்கரெட் டேஹொஃப் என்ற பெண்மணி. அதுவரை அறியப்பட்டிருந்த 65 புரதங்களின் எழுத்துவரிசைகளைத் திரட்டி 1965இல் ஒரு நூலாக வெளியிட்டார். பிறகு, நெருங்கிய உறவுடைய புரதங்களை நிரல்படுத்தி, எந்த அமினோ அமிலம் எதற்குப் பதிலாக எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணி 1978இல் ஓர் அட்டவணை தந்தார். எண்ணெய்த் தன்மையுடையது இன்னொரு எண்ணெய்த் தன்மையுடையதாக மாறுவது சாதாரணம். மின்னேற்றம் கொண்ட ஒன்று எண்ணெய்த் தன்மையுடையதாக மாறுவது அரிது.

எழுத்துகளை எண்ணி மறைபொருளை அறியும் இந்தக் கலை நம் வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவஞானி அல்-கிந்தி, இரகசியக் குறியீட்டில் எழுதப்பட்ட கடிதங்களை வாசிக்கும் முறைபற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகம் வரும், எது குறைவாக வரும் என்று எண்ணி வைத்துக்கொள், பின்பு குறியீட்டில் அதிகம் வருவதை அதனோடு பொருத்து என்பதே அவர் காட்டிய வழி. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், 1913இல், ரஷ்யக் கணிதவியலாளர் மார்க்கோவ், புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ காவியத்தின் 20,000 எழுத்துகளைக் கையால் எண்ணினார். உயிரெழுத்துக்குப் பின் உயிர் வரும் வாய்ப்பு எவ்வளவு, மெய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்தார். ஓர் எழுத்து அடுத்த எழுத்தின் வாய்ப்பை எவ்வாறு பாதிக்கிறது என்ற அவரது சிந்தனையே மார்க்கோவ் சங்கிலி எனப்படுகிறது. அச்சங்கிலிதான் பின்னாளில் புரதங்களை வாசிக்க உதவியது.

எவ்வாறு என்பதற்கு இரத்தத்தை எடுத்துக்கொள்வோம். நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவதும் ஒட்சிசனைச் சுமப்பதும் ஈமோகுளோபின். அதில் ஆல்பா, பீட்டா என இரு வகைச் சங்கிலிகள் உள்ளன. ஆல்பாவில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. பீட்டாவின் முதல் எட்டும் இவை: வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம், மீண்டும் குளுட்டாமிக் அமிலம், லைசின். ஆல்பாவின் தொடக்கம்: வாலின், லியூசின், செரின், புரோலின், அலனின், அஸ்பார்டிக் அமிலம், லைசின். அப்படியே அடுக்கினால் இரண்டாம் இடத்திலிருந்து எதுவும் சரிவரப் பொருந்தாது. ஆல்பாவில் வாலினுக்குப் பின் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். லியூசின் லியூசினின் கீழும், புரோலின் புரோலினின் கீழும், லைசின் லைசினின் கீழும் வந்து அமர்கின்றன. ஹாமிதின் முன்னால் நாம் போட்ட கோடும் இதுவே.

தசையில் ஒட்சிசனைச் சேமிக்கும் மயோகுளோபினும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அதற்கு 153 எழுத்துகள். பீட்டாவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் ஒத்துப்போகும். பயற்றை, போஞ்சி முதலிய அவரையினத் தாவரங்களின் வேர் முடிச்சுகளிலும் ஒரு குளோபின் உண்டு. வேர் முடிச்சைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தெரியும் இளஞ்சிவப்பு அதனுடையதே. இவ்வளவு தூரத்து உறவை இரண்டு இரண்டாக ஒப்பிட்டுப் பிடிப்பது கடினம். குடும்பம் முழுவதையும் நிரல்படுத்தினால் மட்டுமே, ஏறத்தாழ எல்லாவற்றிலும் மாறாது நிற்கும் இரண்டு இடங்கள் தெரியவரும். அவற்றுள் ஒன்று, இரும்பைப் பிடித்துக்கொள்ளும் ஹிஸ்டிடின். அதுவே இக்குடும்பத்தின் மூலவெழுத்து எனலாம்.

1994இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் அன்டர்ஸ் குரோக், மைக்கல் பிரவுண், சாயிரா மியான், கிம்மன் ஷோலாண்டர், டேவிட் ஹவுஸ்லர் ஆகியோர் இந்தக் குளோபின் குடும்பத்தையே முதல் உதாரணமாகக் கொண்டு ஒரு மாதிரியை வெளியிட்டனர். மறைந்த மார்க்கோவ் மாதிரி என்பது அதன் பெயர். பெயர் பயமுறுத்தினாலும் கருத்து எளியது. கண்டியிலிருந்து கலஹா வழியாக வரும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பாதையில் குறித்த தரிப்பிடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் யார் ஏறக்கூடும் என்பது கொண்டக்டருக்கு அனுபவத்தால் தெரியும். சில இடங்களில் எப்போதும் ஒரே ஆள்தான் ஏறுவார். சில இடங்களில் யாரும் ஏறலாம். சில வேளை பஸ் ஒரு தரிப்பிடத்தில் நிற்காமலே போய்விடும். சில வேளை இரண்டு தரிப்பிடங்களுக்கு நடுவில் யாரோ கைகாட்டி ஏறுவார். புரதக் குடும்பத்தின் மாதிரியும் இவ்வாறே. ஒவ்வோர் இடத்திலும் இருபது எழுத்துகளுக்கும் தனித்தனி நிகழ்தகவு, ஓர் இடத்தைத் தாண்டிப்போக ஒரு நிகழ்தகவு, இடையில் மேலதிக எழுத்துச் செருகப்பட ஒரு நிகழ்தகவு. புதிய புரதம் ஒன்று வந்தால், அது இந்தப் பாதையால் வந்திருக்கக்கூடிய வாய்ப்பையும், எழுத்துகளைக் கண்டபடி அள்ளிக் கொட்டியதால் வந்திருக்கக்கூடிய வாய்ப்பையும் ஒப்பிட்டுப் புள்ளி போடப்படுகிறது. ஸமதும் ஹமீதும் அங்கே பிரிந்துவிடுகின்றனர்.

இம்முறையில் என்னைக் கவர்ந்த நுட்பங்கள் இரண்டு. முதலாவது, எங்கள் இடாப்பில் ஹம்தான் என்ற பெயர் இல்லை என்பதால் அப்படி ஒரு பெயர் உலகில் இருக்க முடியாது என்று மாதிரி முடிவு கட்டுவதில்லை. கண்ணில் படாத எழுத்துக்கும் ஒரு சிறு பங்கை ஒதுக்கியே கணக்கைத் தொடங்குகிறது. இரண்டாவது, ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஐவர் இடாப்பில் இருந்தால் ஐந்து சாட்சிகளாக எடுத்துக்கொள்வதில்லை. நெருங்கிய உறவினரின் பாரத்தைக் குறைத்து, தூரத்திலிருந்து வந்த தனி ஒருவரின் பாரத்தைக் கூட்டுகிறது. ஊர்ப் பஞ்சாயத்துகளில்கூட இவ்வளவு நிதானம் காண்பது அரிது.

இவ்வாறு அமைக்கப்பட்ட மாதிரிகளின் திரட்டு ஒன்று பிஃபாம் என்ற பெயரில் 1997இல் 175 குடும்பங்களோடு வெளிவந்தது. இன்று அதில் 20,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் உள்ளன. எழுத்துவரிசையிலிருந்து புரதத்தின் மடிப்புருவத்தைக் கணித்துக் கூறியதற்காக ஹசாபிஸ், ஜம்பர் ஆகிய இருவரும் 2024ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார்கள் அல்லவா? அவர்களது ஆல்ஃபாஃபோல்ட் கணினி நிரலும் குடும்பத்தார் அனைவரையும் நிரல்படுத்திப் பார்த்தே தன் வேலையைத் தொடங்குகிறது.

இனி, வகுப்பில் எழுந்த ஒரு கேள்விக்கு வருகிறேன். இன்சுலினுக்கு 51 அமினோ அமிலங்கள். அதன் வரிசையை 1955இல் முழுமையாகக் கண்டறிந்து தந்தவர் பிரெட்ரிக் சாங்கர். மனித இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் மூன்று இடங்களில் வித்தியாசம். பன்றியின் இன்சுலினுக்கோ ஒரே ஓர் இடத்தில்தான் வித்தியாசம். அந்த இடம் மாறினாலும் வேலை கெடாத இடம். ஆகவேதான் பல ஆண்டுகளாகச் சீனி வருத்தக்காரருக்குப் பன்றி, மாட்டு இன்சுலின்கள் ஏற்றப்பட்டன. நம் மூத்தவர்கள் அதைப் பற்றி மார்க்க அறிஞர்களிடம் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார்கள். 1982இல் பற்றீரியாவைக் கொண்டு தயாரிக்கப்பட்ட மனித இன்சுலின் பாவனைக்கு வந்தது. இதைச் சொன்னபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “அப்ப பன்றியும் நாங்களும் ஒரே குடும்பமா சேர்?” என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. புரதங்களுக்கிடையிலான இவ்வொற்றுமையை உயிரியலாளர்கள் பொது மூதாதையிலிருந்து வந்த உறவு என்றே விளக்குகிறார்கள், கூர்ப்புப் பற்றிய பாடத்தின் அடிப்படையும் அதுவே என்றேன். மனிதனின் அந்தஸ்து பற்றிய கேள்வியை எழுத்துகளை எண்ணித் தீர்க்க முடியாது, அதை உன் மௌலவியிடமும் கேள், இரண்டையும் கேட்டு யோசி என்றேன். அவன் கேட்டானா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் எண்ணிக் கண்டதை, எண்ணவில்லை என்று என்னால் சொல்ல இயலாது.

ஓர் எழுத்து மாறியும் வேலை கெடாத கதை இன்சுலினுடையது. கெட்ட கதையும் உண்டு. பீட்டாச் சங்கிலியின் ஆறாம் இடத்துக் குளுட்டாமிக் அமிலம் வாலினாக மாறியதே அரிவாள் கலச்சோகை என்பதை 1950களில் வேர்னன் இங்கிராம் கண்டறிந்தார். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குடும்ப நிரலில் அந்த ஆறாம் இடம் மாறாத இடமன்று. நமது ஆல்பாச் சங்கிலியில் அதே நிரலில் அலனின் இருக்கிறது. எலியின் பீட்டாவிலும் அலனின்தான். அங்கெல்லாம் நோய் இல்லை. எண்ணெய்த் தன்மை கொண்ட வாலின் மனிதப் பீட்டாவின் வெளிப்புறத்தில் வந்து அமரும்போது மாத்திரம் ஈமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கலத்தை அரிவாளாக வளைக்கின்றன. ஆகவே குடும்ப அட்டவணை வாய்ப்பைச் சொல்லும், தீர்ப்பைச் சொல்லாது.

இலங்கையில் நம்மைத் தொடும் வருத்தம் தலசீமியா. இந்த நாட்டில் காணப்படும் ஈமோகுளோபின் ஈ என்ற வகையில், பீட்டாவின் 26ஆம் இடத்துக் குளுட்டாமிக் அமிலம் லைசினாக மாறியிருக்கிறது. அது தனியே பெரும் கேடு செய்வதில்லை. பீட்டா தலசீமியாவோடு சேர்ந்தால் கடும் நோயாகலாம். ஆனால் இங்கு மிகுதியாகக் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றங்கள் இரண்டும் புரதத்தின் எழுத்துகளில் இல்லவே இல்லை. அவை பரம்பரையலகில், புரதம் எழுதப்படுமுன் வெட்டி நீக்கப்படும் பகுதியின் விளிம்பில் இருக்கின்றன. அச்சகத்துக்குப் போகும் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் ‘இதுவரை நீக்குக’ என்று ஆசிரியர் போட்ட குறி அழிந்துபோனால் எப்படியோ அப்படி. கட்டுரையில் பிழை இல்லை, ஆனால் புத்தகம் ஒழுங்காக அச்சாவதில்லை. புரதங்களை எத்தனை ஆயிரம் நிரல்படுத்தினாலும் இந்தப் பிழை அங்கே தெரியாது.

இதை நான் இவ்வளவு தேடி வாசித்ததற்கு எமது பாடசாலை மாணவி ஒருத்தியே காரணம். மாதந்தோறும் இரத்தம் ஏற்றச் செல்வாள். வரவு இடாப்பில் அவள் பெயருக்கு நேரே அந்த நாட்கள் ஒழுங்காக வெறுமையாகும். பெற்றோர் மாமி மகனும் மாமா மகளும். ஒருநாள் அவளது வாப்பா என்னிடம் கேட்டார். “எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இந்த வருத்தம் இல்லயே சேர், இது எங்க இருந்து வந்த?” மனைவி பக்கத்தை அவரது உறவினர் குறை சொல்லத் தொடங்கியிருந்தார்கள் என்பது அவர் சொல்லாமலே விளங்கியது.

ஒவ்வொருவரிடமும் பீட்டாவுக்கான பரம்பரையலகில் இரண்டு பிரதிகள் உண்டு, வாப்பாவிடமிருந்து ஒன்று, உம்மாவிடமிருந்து ஒன்று என்று விளக்கினேன். ஒரு பிரதி பிழையானாலும் மற்றது காப்பாற்றும். காவியான அந்த ஆள் ஆரோக்கியமாகவே வாழ்வார். ஆகவே பல தலைமுறைகளாக ஒருவருக்கும் வருத்தம் இல்லாதிருப்பதும், பிழை அமைதியாகக் கைமாறி வருவதும் ஒரே சமயத்தில் நடக்கலாம். இரு காவிகள் மணம் முடித்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு இரண்டு பிழைப் பிரதிகளும் சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு என்று எழுதி வைத்த பங்கீடு அல்ல அது. முதற் பிள்ளைக்கே வரலாம், நால்வருக்கும் வராமலும் போகலாம். நெருங்கிய சொந்தத்தில் முடிக்கும்போது இருவரும் ஒரே பாட்டனிடமிருந்து ஒரே பிழையைப் பெற்றிருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. இதில் ஒரு பக்கத்தின் குற்றம் என்று எதுவும் இல்லை. இரு பக்கமும் சமமாகவே கொடுத்திருக்கிறது. அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “இத நீங்க வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் முன்னால சொல்லணும் சேர்” என்றார். போய்ச் சொன்னேன்.

எங்கள் சமூகத்தில் நிக்காஹ் பேசும்போது குடும்பம் பார்ப்போம். மஹர், வீடு, தொழில், பாட்டன் முப்பாட்டன் பெயர் எல்லாம் விசாரிப்போம். அந்த விசாரணையில் இரத்தப் பரிசோதனை ஒன்றையும் சேர்த்துக்கொள்வதில் மார்க்கத்துக்கோ மானத்துக்கோ குறைவு வருவதில்லை. காவியா இல்லையா என்பது பரிசோதனையில் தெரிந்துவிடும். காவி என்று தெரிந்தால் மணம் முடிக்கவே கூடாது என்பதல்ல. இருவரும் காவிகளாக இருந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே தேவை. பேச்சு முற்றி, நாள் குறித்து, அழைப்பு அச்சடித்த பின்னர் இதைக் கேட்பது கொடுமை. பெண் கேட்கப் போகும் முன்னரே, தன் பிள்ளையின் முடிவைக் கையில் வைத்திருப்பதுதான் முறை. இதைக் குத்பா மேடையிலிருந்து ஒரு முறை சொன்னால் நூறு வகுப்புகளில் நான் சொல்வதை விட அதிகம் பேருக்குப் போய்ச் சேரும்.

அந்த மாணவியின் நானாவுக்கு இப்போது பெண் பேசுகிறார்கள். பெண் வீட்டாரிடம் வாய் திறக்கும் முன்னர் அவனைப் பரிசோதனைக்குக் கூட்டிச் சென்றதாக அவர்களது உம்மா வந்து சொன்னார். முடிவு என்னவென்று நான் கேட்கவில்லை. அது அவர்களுடைய வீட்டு விடயம்.